வேர்க்குரு வசந்தம்: கேள்வி-பதில்

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்: சினிமாவில் வசந்தம் என்றால் குளிரும் பூவுமாக இருக்கிறது. நம் ஊருக்கு வசந்த காலம் என்று ஒன்று நிஜமாகவே உண்டா, பாட்டில் மட்டும்தானா?

உண்டு. இப்போதுதான் முடிந்துகொண்டிருக்கிறது. நீங்கள் விசிறியும் கையுமாக இருந்ததில் கவனித்திருக்க மாட்டீர்கள். ஆறு பருவக் கணக்கில் சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். அதாவது, கத்திரி வெயில் முழுக்க முழுக்க வசந்தத்துக்குள் அடக்கம். மல்லிகை மலிவாவது, கொன்றை பூப்பது, மாம்பழம் வண்டி வண்டியாக இறங்குவது, குயில் தொண்டை கிழியக் கூவுவது எல்லாமே இந்த இரண்டு மாதத்தில்தான். குளிர் நாட்டுக்காரருக்கு வசந்தம் ஸ்வெட்டரைக் கழற்றும் சந்தோஷம். நமக்கு அது வேர்க்குருவோடு சேர்த்தேதான் வரும். தனியாகக் கேட்டால் தரமாட்டார்கள்.

தனியார் நிறுவன ஊழியர், சென்னை: அக்னி நட்சத்திரம் முடிந்தது என்கிறது காலண்டர். வெயில் ஏன் கேட்க மறுக்கிறது?

வெயிலுக்குக் காலண்டர் கிழிக்கும் பழக்கம் கிடையாது. அக்னி நட்சத்திரம் பஞ்சாங்கக் கணக்கு. சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டி நகரும் நாட்கள். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். வானிலை ஆய்வு மையத்தின் ஏட்டில் அப்படி ஒரு பருவமே இல்லை. சென்னையின் சூட்டை முடிவு செய்வது கடற்காற்று. அது பதினொரு மணிக்கே உள்ளே வந்தால் பிழைத்தோம். மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முன்னோட்டமாக மேற்குக் காற்று வலுக்கும். அது கடற்காற்றை வாசலிலேயே நிறுத்திவைக்கும். இரண்டு மணி, மூன்று மணி என்று தாமதமாக, அதற்குள் வெப்பமானி ஏறவேண்டிய இடத்துக்கு ஏறிவிடும். சென்னையில் பதிவான உச்சம் 45 டிகிரி செல்சியஸ். எப்போது? 2003 மே மாதக் கடைசியில். கத்திரி விடைபெற்ற பிறகு!

புது வீடு கட்டியவர், தாம்பரம்: வடக்குப் பார்த்த ஜன்னலில் வெயிலே வராது என்று சொல்லித்தான் பெரிதாக வைத்தோம். இப்போது காலையும் மாலையும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறதே?

மேஸ்திரியைத் திட்டாதீர்கள். பூமி இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்து சுற்றுகிறது, அவர் என்ன செய்வார்? ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. நட்டுவைத்த கம்புக்கு அன்று நண்பகலில் நிழலே விழாது. அதன் பிறகு அது சென்னையைத் தாண்டி வடக்கே போய்விடும்; ஆகஸ்ட் 18 வாக்கில்தான் திரும்பி வரும். இடைப்பட்ட மாதங்களில் உதயம் வடகிழக்கில், அஸ்தமனம் வடமேற்கில். இன்று நண்பகலில் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள், உங்கள் நிழல் தெற்கே விழும். பார்த்ததும் இறங்கிவிடுங்கள்; செருப்பு அவசியம்.

அதே தெருவிலிருந்து இன்னொருவர்: கோடையில் சூரியன் பூமிக்கு அருகில் வந்துவிடுவதால்தானே இந்தச் சூடு?

நேர் எதிர். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், நாம் மார்கழிப் பனியில் போர்த்திக்கொண்டிருக்கும்போது. ஜூலை தொடக்கத்தில்தான் அதிகத் தொலைவு. உறவு நெருக்கத்துக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. எந்தக் கோணத்தில் பார்க்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

அலுவலகம் போகிறவர், திருச்சி: ஒரு வாரமாக அதே தெருமுனையில் ஒரு காக்கை என் தலையில் தட்டிவிட்டுப் போகிறது. சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றச் சொல்கிறார் அம்மா.

ஏற்றுங்கள், அம்மாவுக்கு நிம்மதி. கூடவே அந்தத் தெருமுனை மரத்தையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். சுள்ளியும் கம்பியுமாக ஒரு கூடு இருக்கும். குஞ்சுகள் பறக்கப் பழகும் காலம் இது. கீழே ஒன்று விழுந்து தத்திக்கொண்டிருக்கவும் கூடும். சனி பகவானுக்குத் தெருமுனையோடு எல்லை முடிவதில்லை, தாய்க் காக்கைக்கு முடியும். சியாட்டில் நகரில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியரின் குழுவினர் 2006இல் ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து வளையமிட்டு விட்டார்கள். பல வருடம் கழித்தும் அந்த முகமூடி தெருவில் தெரிந்தால் காக்கைகள் கூட்டம் கூட்டிக் கரைந்தன. பிடிபட்டவை மட்டுமல்ல, சேதி கேள்விப்பட்டவையும் சேர்ந்துகொண்டன. அது அமெரிக்கக் காக்கை. நம் ஊர்க் காக்கைக்கு நினைவு மட்டம் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. கொஞ்ச நாள் எதிர்ப்பக்கம் நடங்கள். குடை பிடித்தால் வெயிலுக்கும் ஆச்சு.

இரவுப் பணி செவிலியர், ஈரோடு: விடிகாலை நாலு மணிக்கே குயில் கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது. யாரிடம் புகார் கொடுப்பது?

காக்கையிடம். வளர்த்தது அதுதான்.

அதே செவிலியர்: சரி, ஏன் இவ்வளவு நேரம் கூவுகிறது?

கூவுவது ஆண். கன்னங்கரேல் உடம்பு, ரத்தச் சிவப்புக் கண். சோடி தேடிக் கத்துகிறது. பெண் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும். அதற்குப் பாட்டு வராது, ‘கிக் கிக்’ என்று கத்தும். காக்கை கூடு கட்டும் நாட்களைப் பார்த்துத்தான் குயிலுக்கும் கல்யாண சீசன். முட்டையைக் காக்கைக் கூட்டில் இட்டுவிட்டால் வேலை முடிந்தது. குயில் முட்டை காக்கை முட்டையைவிடச் சீக்கிரம் பொரிந்துவிடும், ஊட்டும் வரிசையில் முதல் இடம். மழை பிடித்ததும் கச்சேரி குறையும். அதுவரை காதில் பஞ்சு.

மதுரைப் பெண், சென்னை மருமகள்: பிறந்த வீட்டுப் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். புகுந்த வீட்டுப் பானையில் அந்தச் சில்லிப்பு இல்லை. பானையில் கோளாறா?

கோளாறு வங்காள விரிகுடாவில். மாமியாரை இதில் இழுக்காதீர்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மதுரைக் காற்று வறண்டது. ஈரத்தை அள்ளிக் குடிக்கும். சென்னைக் காற்று ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்து நிற்கிறது. அதே காரணத்தால்தான் சென்னையில் 37 டிகிரியே நசநசவென்று கொல்கிறது, வியர்வை காயாமல். செய்யக்கூடியது: பானையை ஈர மணல் மேல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெளியே பெயிண்ட் அடித்த அழகுப் பானை வேண்டாம், துளை அடைந்துவிடும். பழைய பானையிலும் உப்புப் படிந்து துளை மூடும். வருடத்துக்கு ஒரு புதுப் பானை வாங்குங்கள், குயவருக்கும் சில்லிப்பு.

மாம்பழப் பிரியர், திண்டுக்கல்: பழம் தங்கமாக மின்னுகிறது, நறுக்கினால் புளிக்கிறது. ஏமாற்றுவது பழமா, கடைக்காரரா?

பழம் பாவம், அதை அவசரப்படுத்திவிட்டார்கள். மாங்காய் தானாகவே எத்திலீன் என்ற வாயுவை விட்டுப் பழுக்கும். கால்சியம் கார்பைடு கல் ஈரம் பட்டதும் அசிட்டிலீன் விடும். அது எத்திலீன் வேஷம் போட்டுத் தோலை மட்டும் மஞ்சளாக்கிவிடும். உள்ளே மாவுச்சத்து சர்க்கரையாக நேரம் கிடைப்பதில்லை. போதாததற்கு அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளில் கார்பைடுக்குத் தெளிவாகத் தடை உண்டு. எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்தலாம், அது சட்டப்படி சரி. வாங்கும்போது கண்ணை நம்பாதீர்கள், காம்புப் பக்கம் மூக்கை வையுங்கள். மணம் இல்லாத மாம்பழம் மஞ்சள் பூசிய மாங்காய். நிறம் ஒரே சீராக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். காயாக வாங்கி வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ புதைத்துவைக்கும் பாட்டி முறைதான் நல்லது. பழம் விடும் வாயுவை அதற்கே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு அது. மாம்பழத்தைப் பற்றி ஒரு பத்திரிகை முழுக்க எழுதலாம். ஆசிரியர் சம்மதிக்கவில்லை.

கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி: மாம்பழம் ‘சூடு’ என்பது உண்மையா? சாப்பிட்டால் உதட்டைச் சுற்றிப் புண் வருகிறது.

உதட்டில் வருவதற்குக் காரணம் காம்பில் கசியும் பால். மா, முந்திரிக்கு உறவுக்காரி. முந்திரித் தோட்டத்தில் வேலை பார்ப்பவரைக் கேட்டால், தோல் வெந்துபோகும் கதையைச் சொல்வார். மாம்பாலிலும் அந்தக் குடும்ப குணம் கொஞ்சம் உண்டு. காம்பைக் கிள்ளிப் பாலை வடியவிட்டு, அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, தோலைச் சீவிச் சாப்பிடுங்கள். கடித்து உறிஞ்சுவதுதான் சுகம் என்பவர்கள் நன்றாகக் கழுவிவிட்டு உறிஞ்சலாம். உங்கள் ஊர்க் கிளிமூக்கில் பெரும் பங்கு கூழ் ஆலைக்குப் போய்விடுகிறது. அங்கே எல்லாம் இந்தப் பிரச்னை இயந்திரத்தோடு போச்சு.

ஐ.டி. ஊழியர், கோவை: நுங்கு என்ன விலை விற்கிறது! மரத்தில் சும்மா காய்ப்பதுதானே?

மரம் சும்மா காய்க்கிறது, சரி. நீங்கள் சும்மா ஏறுவீர்களா? கிளையில்லாத மரம், ஐந்து மாடி உயரத்துக்கு நெஞ்சை உரசிக்கொண்டு ஏறி, குலையை அறுத்து, உடையாமல் கயிற்றில் இறக்க வேண்டும். ஏறத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் உங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்கள். பனையில் ஆண் வேறு, பெண் வேறு. பதநீர் இரண்டும் தரும், நுங்கு பெண் பனையில் மட்டும். விதை போட்டுப் பாளை விடப் பதினைந்து வருடம்கூட ஆகும். அதிலும் நுங்கு பதத்துக்கு ஆயுசு கொஞ்ச நாள்தான்: இன்று நீர், நாளை இளசு, நாலு நாள் போனால் பல்லை உடைக்கும் கடுக்காய். வெட்டாமல் விட்டால் ஆவணியில் பனம்பழம், அந்தக் கொட்டையைப் புதைத்தால் பொங்கலுக்குக் கிழங்கு. நுங்கு தின்கிறவர் கிழங்கையும் சேர்த்தே முன்கூட்டித் தின்கிறார். எனவே பேரம் வேண்டாம். பனை நம் மாநில மரம். 2021இலிருந்து அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஏறுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு மாணவன், திசையன்விளை: நுங்கு தின்ற பிறகு?

தோண்டிய காய் இரண்டை ஒரு குச்சியின் இரு முனையில் செருகு. நடுவில் கவட்டைக் கம்பை வைத்துத் தள்ளு. லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். பள்ளிக்கூடம் திறக்கும்வரை ஓடும். அப்பா அம்மா போனில் படம் எடுக்க வந்தால் நிற்காமல் ஓட்டு.

மீன் குழம்புக்காரர், கடலூர்: வஞ்சிரம் விலை கேட்டால் மயக்கம் வருகிறது. எப்போது இறங்கும்?

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. முன்பு 45 நாள், 2017இலிருந்து 61 நாள். கடலில் மீன் முட்டையிடும் வேளை என்பதால் இந்த விடுமுறை. நாட்டுப்படகும் கட்டுமரமும் போகலாம். ஆகவே கரையோரச் சிறுமீன் கிடைக்கும். மே முடியும்வரை மேற்குக் கரை மீன் ஐஸ் பெட்டியில் வந்துகொண்டிருக்கும். அங்கே குமரி மாவட்டத்தின் அரபிக்கடல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஜூனின் முதல் இரண்டு வாரம் இரண்டு கடலுக்கும் கதவு சாத்தியாகிவிடும். அந்த நாட்களில் வீட்டில் கருவாட்டுக்கு மரியாதை கூடும். பக்கத்து வீட்டில் குறையும்.

முதலாண்டு மாணவி, புதுச்சேரி: தெருவெல்லாம் சிவப்புக் கூரை போட்டதுபோல் பூத்திருக்கும் மே ஃபிளவர் நம் மரமா?

மடகாஸ்கர்க்காரர். நிழலும் நிறமும் அள்ளித் தருவார். ஆனால் மேலோட்டமான வேர், முறியும் கிளை. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னைக்குள் வந்தபோது சாலையில் படுத்த மரங்களில் இந்த இனத்துக்குப் பெரிய பங்கு. ரசியுங்கள், கீழே கார் நிறுத்தாதீர்கள். நம் சொந்தச் சரக்கொன்றை இதே வேளையில் மஞ்சள் சரமாகத் தொங்குகிறது. கேரளம் அதை மாநில மலராக வைத்துக்கொண்டது, தாய்லாந்து தேசிய மலராகவே ஆக்கிக்கொண்டது. நாம் சிவனுக்கு எழுதிவைத்துவிட்டுத் தெருவில் மடகாஸ்கரை நட்டோம்.

கவிதை எழுதுபவர், தஞ்சாவூர்: கோடை மழையின் முதல் துளி விழுந்ததும் எழும் மண்வாசனையை விளக்குங்கள். கவிதை கெடாமல்!

கெடாது என்று உத்தரவாதம் தரமாட்டேன். அது பாக்டீரியாவின் வேலை. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்ற பொருளைச் சுரக்கின்றன. காய்ந்த மண்ணில் துளி மோதும்போது குட்டிக் குட்டிக் குமிழிகள் மேலே வெடித்து அதைக் காற்றில் தெளிக்கின்றன. வறண்ட நாட்களில் பாறையும் களிமண்ணும் உறிஞ்சிவைத்த தாவர எண்ணெயும் கூடச் சேரும். அதைப் பிரித்து ஆராய்ந்து 1964இல் எழுதியவர்கள் இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள். மனித மூக்கு ஜியோஸ்மினை லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலும் பிடித்துவிடும். மண்ணில் துள்ளும் சில குட்டிப் பூச்சிகளும் இந்த மணத்துக்கு மயங்கி வந்து நுண்ணுயிரைத் தின்கின்றன, அதன் வித்துகளை உடம்பில் ஒட்டிக்கொண்டு போய்ப் பரப்புகின்றன. ஆக, மழை மணம் ஒரு சாப்பாட்டு அழைப்பு. உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் களிமண்ணைச் சுட்டு, காய்ச்சி வடித்து, சந்தன எண்ணெயில் இறக்கி இதையே அத்தராக விற்கிறார்கள். கவிதையைவிட நல்ல விலை.

விவசாயி, அரூர்: நெருப்பாக எரிக்கும் வைகாசியில் ஐஸ் கட்டி எப்படி வானத்திலிருந்து விழுகிறது?

நெருப்பாக எரிப்பதால்தான். சுட்ட தரைக்காற்று அடுப்புப் புகையாக விறுவிறுவென்று மேலே ஏறுகிறது. பல கிலோமீட்டர் உயரத்தில் உறைநிலைக்கும் கீழே குளிர். துளி அங்கே உறையும், விழப் பார்க்கும், ஏறும் காற்று திரும்பத் தூக்கிவிடும், இன்னொரு அடுக்கு ஐஸ் போர்த்திக்கொள்ளும். தூக்கிப் பிடிக்க முடியாத எடை வந்ததும் உங்கள் வாழைத் தோட்டத்தில் விழும். மார்கழியில் இந்த ஏற்றம் இல்லை, ஆலங்கட்டியும் இல்லை. மின்னல் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள்: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதை எட்டுமுன் இடி கேட்டால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு. புளியமரத்தடி கூடாது.

குடும்பத் தலைவி, திருவண்ணாமலை: மழை விட்ட இரவில் ஈசல் வீட்டுக்குள் கொட்டுகிறது. என்ன செய்வது?

விளக்கை அணையுங்கள். அவை உங்கள் வீட்டுக்கு வரவில்லை, கல்யாணத்துக்குப் போகும் வழியில் டியூப் லைட்டில் மயங்கி வழி தவறியவை. கரையான் புற்றில் சிறகு முளைத்த ராஜா ராணிகள். ஈர மண் கிடைக்கும் ஒரே இரவில் பறந்து, சோடி சேர்ந்து, சிறகை உதறிவிட்டுப் புதுக் குடித்தனம் தோண்ட வேண்டும். பெரும்பாலானவை பல்லிக்கும் தவளைக்கும் விருந்து. உங்கள் பக்கத்துக் கிராமத்துப் பாட்டிகளிடம் கேட்டால் வறுத்து, பொரியரிசி கலந்து தின்ற கதை சொல்வார்கள். காலையில் சிறகைக் கூட்டும் வேலை மட்டும் பாக்கி.

அடுக்குமாடிச் சங்கச் செயலாளர், பழைய மகாபலிபுரம் சாலை: ஏழாவது மாடி வெளிச்சுவரில் பெரிய தேன்கூடு. மருந்தடிக்கச் சொல்லித் தீர்மானம் வந்திருக்கிறது.

ஒத்திவையுங்கள். மலைத்தேனீ நிரந்தரக் குடித்தனக்காரர் இல்லை. பூ இருக்கும்வரை இருந்துவிட்டு, கூட்டத்தோடு வேறிடம் போய்விடும்; அட்வான்ஸ்கூடத் திருப்பிக் கேட்காது. கல்லெறிதல், புகை, இரவில் பால்கனி விளக்கு, மூன்றும் கூடாது. ஆள் புழங்கும் இடத்துக்கு மிக அருகில் என்றால் மட்டும், கொல்லாமல் அகற்றத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

வடாம் போடும் மாமி, மயிலாப்பூர்: காக்கையை விரட்ட மாடியில் கருப்புக் குடை விரித்து வைத்தேன். மூன்றாம் நாள் அதன் மேலேயே உட்கார்ந்து தின்கிறது.

நிழல் கொடுத்திருக்கிறீர்கள், உபசாரத்துக்கு நன்றி சொல்லுங்கள். பேரனை உட்கார வைத்தாலும் வடாம் குறையும். ஆனால் அவனாவது நன்றாயிருக்கிறது என்று சொல்வான். பழைய கொசுவலை இருந்தால் மேலே போர்த்துங்கள்.

குடும்பஸ்தர், சேலம்: லீவு முடிவதற்குள் ஊட்டி போய்வரலாமா?

போகலாம். நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும், அதை முதலில் எடுங்கள். கொண்டை ஊசி வளைவில் நிற்கும் நேரத்துக்குச் சீட்டுக்கட்டும் எடுங்கள். எனக்கென்னவோ இன்னும் சில வாரம் பொறுத்துக் குற்றாலம் போவதில்தான் நாட்டம். ஜூனில் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக எட்டிப் பார்க்கும், சாரல் அடிக்கும், ரம்புட்டானும் மங்குஸ்தானும் வழியெல்லாம் குவிந்திருக்கும். கேரளத்தில் மழை தொடங்க ஜூன் 1 என்பது வழக்கமான தேதி. 2025இல் மே 24க்கே வந்துவிட்டது. மழைக்கும் முன்பதிவு கிடையாது.

இளைஞர், பொள்ளாச்சி: எங்கள் பக்கத்துக்கு வசந்தத்தின் சிறப்பு ஒன்றும் இல்லையா?

இப்படிக் கேட்க உங்களுக்கு மனம் வந்ததே! ஆனைமலைக் காட்டில் ஏப்ரல் தொடங்கி மழை வலுக்கும்வரை இரவில் மின்மினிகள் மரம் மரமாக ஒரே தாளத்தில் எரிந்து அணையும். 2022இல் வனத்துறையும் ஆய்வாளர்களும் சேர்ந்து பதிவு செய்தார்கள். இருட்டுத்தான் அதற்கு மேடை. டார்ச் அடித்து, ஜீப் விளக்கைப் போட்டுப் பார்க்கப் போனால் அந்தப் பூச்சிகளுக்குச் சோடி கண்ணில் படாது. உங்கள் ஊர்த் தோட்டத்திலும் மின்மினி உண்டு. வாசல் எல்.இ.டி.யை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

கட்சிக்காரர், விருதுநகர்: எங்கள் நீர்மோர்ப் பந்தலைப் பற்றி எழுதக் கூடாதா?

எழுதலாம். திறப்பு விழாவன்று மோர், மறுநாள் தண்ணீர், மூன்றாம் நாள் காலிப் பானை. தலைவர் படம் மட்டும் கடைசிவரை வாடுவதில்லை.

கல்யாணத் தரகர், காரைக்குடி: வைகாசியில் ஏன் இத்தனை முகூர்த்தம்? பட்டுப்புடவையில் மணப்பெண் அழுவது வியர்வையா, கண்ணீரா?

அடுத்து ஆனி, அதற்கடுத்து ஆடி. ஆடி வந்தால் உங்களுக்கே வேலை இல்லை. அழுவது மண்டபத்து வாடகையைக் கேட்ட அப்பா.

சிறுமி, நாமக்கல்: தின்ற மாங்கொட்டையைப் புதைத்தால் அதே மாம்பழம் காய்க்குமா?

மரம் வரும், அதே பழம் வரும் என்று சொல்ல முடியாது. பங்கனப்பள்ளி, மல்கோவா போன்ற ஜாதிகளில் கொட்டைக்குள் இருக்கும் பிள்ளைக்கு அம்மா மட்டும் போதாது. எந்த மரத்து மகரந்தத்தைப் பூச்சி கொண்டுவந்ததோ, அதுவும் பாதிப் பங்கு கேட்கும். அதனால்தான் தோட்டக்காரர்கள் நல்ல மரத்துக் கிளையை எடுத்து ஒட்டுக் கட்டுகிறார்கள். ஆனாலும் புதைத்துவை. முளைக்கும்போது தளிர் செம்பு நிறத்தில் பளபளக்கும், அதற்கே காசு தேறிவிடும். ஏழெட்டு வருடம் கழித்து முதல் காய் பிடிக்கும்போது நீ கல்லூரிக்குப் போயிருப்பாய். புளித்தால் ஊறுகாய் போடச் சொல்லி அம்மாவுக்கு அனுப்பு, இனித்தால் எனக்கு.